அப்பாவுக்கு, கில்பெக் கோயில் கல்வேலை பற்றி

ஹெரிஃபோர்ட், இங்கிலாந்து
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் தம்பியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

போனில் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது. நாற்பது வருஷமாக உளிச் சத்தத்திலேயே கிடந்த காது, அதைக் குறை சொல்லி என்ன? வீடியோவில் காட்டலாம் என்றால், நீங்கள் பார்க்கும் முன்னே அம்மா போனை வாங்கி "சாப்பிட்டியா" என்று ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பட்டறையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசியுங்கள்.

வேலை அப்படியே போகிறது. முதியோர் இல்லத்தில் இந்த மாதம் முழுக்க நைட். ஏஜென்சிக்காரன் ஊரில் சொன்ன கணக்கு வேறு, இங்கே கைக்கு வருவது வேறு. அது பெரிய கதை, தம்பிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். குளிர் குறைந்துவிட்டது. மழைதான் விட்டபாடில்லை.

போன தடவை நீங்கள் கேட்டீர்களே, "அங்கே கல்வேலை எதாவது உண்டா, எல்லாம் செங்கல்தானா?" என்று. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்குத் தெரியும். கூட வேலை பார்க்கும் கோட்டயத்துச் சேச்சி கார் வாங்கியிருக்கிறாள். ஆராதனை முடிந்து அவள்தான் என்னைக் கில்பெக் என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனாள். இங்கிருந்து தென்மேற்கே 14 கிலோமீட்டர் இருக்கும், வேல்ஸ் எல்லைப் பக்கம். ஒரு சின்ன மேடு, நாலைந்து வீடு, செம்மறி ஆடு, நடுவில் புனித மரியாள், புனித தாவீது பெயரில் ஒரு கோயில். இந்தத் தாவீது சங்கீதம் பாடிய ராஜா இல்லையாம், வேல்ஸ்காரர்களுடைய புனிதர்.

நம் மயிலாடி சபை 1809-ல் கட்டினது, தென் திருவிதாங்கூரில் முதல் புராட்டஸ்டண்ட் கோயில், மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் நின்று கட்டினது என்று தாத்தா பெருமையாகச் சொல்லுவாரே. கில்பெக் கோயிலைக் கட்டினது 1140 வாக்கில். நம் கோயிலுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது இதற்கு 670 வயது.

அளவில் பெரிசில்லை. சபை கூடும் நீளக் கூடம், அதற்கு அப்பால் பாடகர் நிற்கும் இடம், கடைசியில் அரைவட்டமாக முடியும் பலிபீடப் பகுதி. மூன்றே கட்டு. கோபுரம் கிடையாது, மேற்கு உச்சியில் மணி தொங்க ஒரு சின்னக் கூடு மட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் நம் ஊர் நெல் களஞ்சியம் மாதிரிதான். "இதற்கா இவ்வளவு தூரம் டீசல் போட்டு வந்தோம்" என்று சேச்சியிடம் சொல்லியும் விட்டேன். கிட்டே போன பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

கல் கருங்கல் இல்லை அப்பா, அந்தப் பக்கத்திலேயே கிடைக்கிற சிவப்பு மணற்கல். மணற்கல் என்றதும் நீங்கள் உதட்டைப் பிதுக்குவது எனக்குத் தெரிகிறது. ஆனால் இது இறுகின சாதி. தெற்கு வாசலில் இரண்டு பக்கமும் இரட்டைத் தூண் நிற்கிறது. வெளித் தூணில் பாம்பு, ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றும் அடுத்ததின் வாலை விழுங்குகிறது. கிட்டே நின்று பார்த்தேன், ஒரு பாம்பின் கண்குழி இன்னும் கூராக இருக்கிறது. 880 வருஷத்துக் கண்! தொடக்கூடாது என்று தெரிந்தும் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

உள் தூணில், இடது பக்கம் இரண்டு போர்வீரர்கள் கொடிக்குள் சிக்கினமாதிரி நிற்கிறார்கள். அந்தக் காலத்துச் சிலைகளில் அபூர்வமான தொளதொளக் கால்சட்டை போட்டிருக்கிறார்கள். சட்டை, கால்சட்டை மடிப்பு எல்லாம் பக்கம் பக்கமாக இணைகோடு, சீப்பால் இழுத்தமாதிரி. நீங்கள் சொல்லுவீர்களே, ஆளைப் பார்க்கவேண்டாம், மடிப்பைப் பார், எந்தப் பட்டறை என்று தெரியும் என்று. அதே கதைதான் இங்கேயும். இதே கோட்டு மடிப்பு பக்கத்து எர்டிஸ்லி ஊர்க் கோயிலின் ஞானஸ்நானத் தொட்டியிலும் இருக்கிறதாம், அங்கேயும் இதே கால்சட்டையில் இரண்டு வீரர்கள் சண்டை போடுகிறார்கள். படித்தவர்கள் இந்தக் கூட்டத்துக்கு "ஹெரிஃபோர்ட்ஷயர் பள்ளி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளி என்றதும் வாத்தியார், பெஞ்சு என்று நினைக்கவேண்டாம், ஊர் ஊராக வேலைக்குப் போன சிற்பிகள். ஒருத்தர் பெயர்கூட எந்தக் கல்லிலும் இல்லை. காசு கொடுத்தவர் பெயர் மட்டும் தெரியும்: ஹியூ. 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்காரர்களின் வழிவந்தவர். கோயிலுக்கு மேற்கே மேடு என்றேனே, அது அவர்கள் கோட்டை கட்டின மண்மேடு. மேலே இரண்டு மொட்டைச் சுவர் மிச்சம்.

வலது தூணின் தலைப்பில் ஒரு முகம், வாயிலிருந்து கொடி கக்குகிறது. நம் கோயில் வேலையில் யாளி வாயிலிருந்து கொடிக்கருக்கு இறங்குமே, அந்த நினைப்புத்தான் வந்தது. இங்கே இதைப் பச்சை மனிதன் என்கிறார்கள். வாசலுக்கு மேல் அரைவட்டக் கல்லில் ஜீவவிருட்சம். சுற்றி வளைவில் பறவை, மிருகம், எதோடும் சேராத ஜந்துகள். இன்னதுதான் அர்த்தம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. வாசலில் தொங்கின அட்டையில் ஆளுக்கொரு விளக்கம். எனக்கு என்னவோ, கொடுத்த கல்லில் இடம் மிச்சமிருக்கக்கூடாது என்று வெட்டினவன் நினைத்திருப்பான் என்றுதான் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இனிமேல்தான் விசேஷம். கூரை இறங்கும் இடத்தில் கோயிலைச் சுற்றிலும் வரிசையாகக் கல் நீட்டிக்கொண்டிருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் கூரை விளிம்புக் கொடுங்கைக்கு அடியில் பூதவரி, குட்டிப் பூதங்களின் வரிசை, காட்டினீர்களே, ஏறக்குறைய அந்த இடம். ஆனால் பூதமாக மட்டும் இல்லை, ஒவ்வொரு கல்லும் ஒரு தலை அல்லது ஒரு உருவம். மொத்தம் 91 இருந்ததில் 85 நிற்கிறது. நான் கழுத்து வலிக்க இரண்டு சுற்று எண்ணினேன், ஒரு தடவை 83 வந்தது, ஒரு தடவை 86. ஒருத்தன் பிடில் வாசிக்கிறான். சிலுவை சுமந்த தேவ ஆட்டுக்குட்டி என்று ஒன்றைக் காட்டினார்கள், எனக்குக் குதிரைபோலத்தான் இருந்தது. நாயும் முயலும் பக்கத்தில் பக்கத்தில் தலை சாய்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் தம்பி பார்க்கும் கார்ட்டூன்காரன் வெட்டினமாதிரி, அவ்வளவு உருண்டை, அவ்வளவு குறும்பு. பின்பக்க அரைவட்டச் சுவரில் இன்னொரு பெண் உருவம் இருக்கிறது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சுசீந்திரம் தேரில் சில பொம்மைகளைக் கடக்கும்போது அம்மா என் கண்ணைப் பொத்துவாளே, அந்த ரகம். ஆராதனை நடக்கும் கோயில் சுவரில்! சேச்சி சிலுவை போட்டுக்கொண்டாள்.

மேற்குச் சுவர் மூலைகளில் பறவைநாகத் தலை துருத்திக்கொண்டு நிற்கிறது, வாய் பிளந்து, நாக்கு சுருண்டு. கல் முழுக்கச் சுவருக்கு வெளியே. எப்படித் தூக்கி வைத்தார்களோ. உள்ளே நடு வளைவின் இரண்டு பக்கமும் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக மும்மூன்று புனிதர்கள், பேதுரு கையில் சாவி. ஸ்பெயினில் சாந்தியாகோ கோயில் வாசலில் இப்படி அடுக்கின சிலைகள் உண்டாம். இந்தப் பக்கத்து ஜமீன் ஒன்றின் காரியஸ்தர் ஆலிவர் டி மெர்லிமண்ட் அங்கே யாத்திரை போய் வந்து ஷாப்டன் என்ற ஊரில் ஒரு கோயில் கட்டினார். அதைச் செய்த கைகள்தான் கில்பெக்குக்கும் வந்தன என்று சொல்கிறார்கள்.

அந்த ஷாப்டன் கதையைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். 1750-களில் ஊர்ப் பிரபு பழைய கோயிலை இடித்துப் புதிசு கட்டினார். சிற்பம் இருந்த வளைவுகளை மட்டும் எடுத்து, தோட்டத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று மேட்டில் வெட்டவெளியில் நிறுத்தினார். மழையும் பனியும் தின்றே தீர்த்துவிட்டது, இன்றைக்கு உருவம் எது என்று தேடவேண்டும். கில்பெக்கில் அதே காலத்து வேலை, இடத்தை விட்டு அசையவில்லை. வரிசைக் கற்களுக்குக் கூரை நிழல். தெற்கு வாசலுக்கு முன்னால் ரொம்ப காலம் மர முகப்பு ஒன்று மூடி நின்றிருக்கிறது. சிற்பம் தெரியவேண்டும் என்று 1868-ல் அதைக் கழற்றினார்கள். 1962-ல் பாதுகாப்புக்காக மேலே ஒரு குறுகிய பட்டை வைத்தார்கள்.

அப்பா, பட்டறைக்கு வெளியே முருகன் சிலைகளை மழையில் நிறுத்தாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல நான் யார், கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது என்பீர்கள். ஆனால் பின்னால் போட்டிருக்கும் அந்த மாவுக்கல் பிள்ளையாரை மட்டும் உள்ளே தூக்கி வையுங்கள்.

ஆறு போட்டோ பிரிண்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அந்தப் பெண் உருவத்தை வைக்கவில்லை. இரண்டாவது படத்தில் பாம்புத் தூணைப் பாருங்கள். வாலை விழுங்கும் இடத்தில் உதட்டுக்கும் வாலுக்கும் நடுவே நூல் நுழையும் அளவுக்குக் குழி எடுத்திருக்கிறான். இதற்கு எந்த உளி பிடித்திருப்பான், மேலிருந்து இறங்கினானா, கீழிருந்து ஏறினானா? சேச்சி கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிற்பி மகள் என்று சொல்லி வைத்திருக்கிறேன், மானம் போகிறது. பதில் எழுதுங்கள். கட்டர் ஓட்டும்போது காதில் பஞ்சும் மூக்கில் துணியும் கட்டாமல் இருக்கவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்