பினாங்குக்கு ரயிலில் போவோம்

காரைக்குடி

அன்புள்ள அலமு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதை நீ எழுதியிருந்த விதத்தில் அவள் அழுத சத்தம் காரைக்குடி வரைக்கும் கேட்டது. இங்கே இவுக சுகம். சர்க்கரைதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அதுவும் இவுகளை மாதிரியே. கானாடுகாத்தான் வீட்டுப் பங்கு விவகாரம் ஒருவழியாகத் தீர்ந்தது. ஆளுக்கு ஓர் அறை, வளவு பொது, ஓடு மாற்றுகிற செலவு மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. மழைக்கு முன்னால் யாராவது மடியை அவிழ்த்தால்தான் உண்டு.

சரி, பினாங்குக்கு வருவோம்.

இத்தனை நாள் பேச்சாகவே கிடந்த தைப்பூசப் பயணத்தை இந்தத் தடவை நடத்திவிடலாம் என்று உட்கார்ந்து திட்டம் போட்டுவிட்டேன். விமானம், தங்குமிடம் எல்லாம் அப்புறம். முதலில் கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகிற ரயிலை முடிவு செய்தாக வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு ஏற்றபடி நகரட்டும் என்பது என் கட்சி. கோலாலம்பூரில் இறங்கியதும் இன்னொரு விமானம் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் பினாங்கு என்கிறானாம் உன் மகன். போகலாம்தான். ஆனால் உங்க ஐயா வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு அடுத்த ஆளாக, இருந்து மூன்று வருஷக் கணக்கு முடித்த தைப்பிங் அப்போது மேகத்துக்குக் கீழே எங்கேயோ கிடக்கும். அவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியதை நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்! அவர் நடமாடிய ஊரைத் தாண்டிப் பறந்துபோய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை.

அங்கே ஊருக்கு ஊர் ஓடுகிற மின்சார ரயிலை இடிஎஸ் என்கிறார்கள். 2010-இல் தொடங்கியது. நடத்துவது மலேசிய ரயில்வேயான கேடிஎம். உனக்கு ஒரு வேடிக்கை தெரியுமா? அது மீட்டர் கேஜ். நம் திருச்சி–மானாமதுரைப் பாதையில் பழசு என்று பெயர்த்துப் போட்டோமே, அதே ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம். அதில் 140 கிலோமீட்டர் வேகத்தில் விடுகிறார்கள். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக் கரைக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். பல்லவனில் நாம் சென்னை போகிற நேரத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

டிக்கெட் கேடிஎம்மின் தளத்திலேயே எடுக்கலாம், செல்போனில் செயலியும் இருக்கிறது. இடையில் விற்றுத்தரும் தளங்கள் நிறைய உண்டு, அவர்கள் மேலே காசு வைப்பார்கள். கணக்கு ஒன்றைத் தொடங்கி, பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கொடுத்தால் போதும். பெயர் விஷயத்தில்தான் நம்மவர்களுக்குத் தலைவலி. வீட்டில் நீ அலமு, கல்லூரியில் அலமேலு, பாஸ்போர்ட்டில் அலமேலு மங்கை, கூடவே உன் வீட்டுக்கார அண்ணன் பெயர். பாஸ்போர்ட்டில் எந்த எழுத்து எந்த வரிசையில் இருக்கிறதோ அதை அப்படியே போட வேண்டும். இனிஷியலை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்ற ஆராய்ச்சிக்கு அங்கே இடமில்லை.

தேடும்போது ‘பினாங்கு’ என்று போட்டுவிட்டு ரயிலே இல்லை என்று உன் மகன் சொன்னதாக எழுதியிருந்தாயே, அதற்குக் காரணம் இருக்கிறது. பினாங்கு தீவு. ரயில் தீவுக்குப் போகாது, எதிர்க்கரையில் பட்டர்வொர்த் என்ற ஊரில் நின்றுவிடும். நிலையத்தை ஒட்டியே படகுத்துறை. அங்கிருந்து படகில் ஏறினால் தீவிலுள்ள ஜார்ஜ்டவுன் நகரம். ஆகவே போய்ச் சேரும் இடம் பட்டர்வொர்த் என்று போட வேண்டும். கிளம்பும் இடத்திலும் கவனம் வேண்டும். பட்டியலில் ‘கோலாலம்பூர்’ என்றும் வரும், ‘கேஎல் சென்ட்ரல்’ என்றும் வரும். முதலாவது 1910-இல் கட்டிய பழைய நிலையம், பார்க்க அரண்மனை போல இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. விமான நிலையத்திலிருந்து வருகிற ரயில் அங்கேதான் வந்து நிற்கும், தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸும் அதன் பக்கத்திலேயே.

இப்போது அண்ணனுக்கு ஒரு சேதி. சத்தமாக வாசித்துக் காட்டு. அங்கே வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது. ஆர்ஏசி கிடையாது. தட்கல் கிடையாது. கடைசி நாளில் மதுரையில் யாரையாவது பிடித்து ஈக்யூ என்கிற அவசர ஒதுக்கீட்டில் போடுகிற வித்தையும் பலிக்காது. காலி இருக்கை இருந்தால் உன்னுடையது, இல்லையென்றால் அடுத்த வண்டியைப் பார்க்க வேண்டியதுதான். நாம் அரை மனதோடு ஒரு டிக்கெட்டைப் போட்டு வைத்துவிட்டு, அது உறுதியாகிற வரைக்கும் பயணத்தையே உறுதி செய்யாமல் இருந்து பழகியவர்கள். அந்த வசதி அங்கே இல்லாததால், “வந்தாலும் வருவேன்” என்கிற அண்ணனை வைத்துக்கொண்டு திட்டம் போடவே முடியாது. வருகிறாரா இல்லையா, ஒரே சொல்லாகச் சொல்லச் சொல். எனக்கென்னவோ அந்த முறைதான் நிம்மதி என்று தோன்றுகிறது. பிஎன்ஆர் நிலவரத்தைக் காலையும் மாலையும் பார்த்து ரத்த அழுத்தம் ஏற்றிக்கொள்வதை விட, இல்லை என்றால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மேல்.

முன்பதிவு திறக்கிற கணக்கும் வேறு. இங்கே 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால் என்று வைத்து, தினமும் ஒரு நாள் கூடிக்கொண்டே போகும். அங்கே பல வாரங்களுக்கு உரியதை மொத்தமாகத் திறந்துவிடுவார்கள். எப்போது என்பதை அவர்களே அறிவிப்பார்கள். சாதாரண வாரநாளில் இடம் தாராளம். பண்டிகை, பள்ளி விடுமுறை, வெள்ளிக்கிழமை மாலை என்றால் திறந்த வேகத்தில் போய்விடும்.

நாம் போக நினைப்பதோ தைப்பூசத்துக்கு! அங்கே கோலாலம்பூர், பேராக், பினாங்கு எல்லாவற்றிலும் அன்றைக்குப் பொது விடுமுறை. கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலைக்கு ஒரு கூட்டம், பினாங்கின் தண்ணீர்மலைக்கு ஒரு கூட்டம். இன்னொன்றையும் மறந்துவிடாதே. நீ பார்க்க வேண்டும் என்கிற வெள்ளி ரதம் பூசத்தன்று கிளம்புவதில்லை. முதல்நாள், செட்டிப்பூசத்தன்று விடியற்காலையில், பினாங்குத் தெருவிலுள்ள கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலை நகரத்தார் கோவிலுக்குப் போகும். வழி நெடுகத் தேங்காயை மலை மலையாகக் குவித்து உடைப்பார்கள். 1857-இல் எழுந்த கோவில். ரதம் இங்கே காரைக்குடியிலிருந்து 1894-இல் போனது. நம் ஊரில் செய்ததை நாம் பார்க்கக் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது, என்ன செய்வது! ஆக, செட்டிப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே பட்டர்வொர்த்தில் இறங்கிவிடுகிறோம். கூட்டம் ஏறுகிற நாளில் நாம் ரயிலில் இருக்கக் கூடாது, கோவில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

விமானம் இறங்குகிற நாளிலேயே ரயிலையும் போட வேண்டாம். திருச்சியிலிருந்து நேரடி விமானம், நாலு மணி நேரம்தான். ஆனாலும் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். விமானம் தாமதமானாலோ, குடியேற்ற வரிசை நீண்டாலோ ரயில் நமக்காக நிற்காது. அன்றிரவு பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலை வண்டியில் ஏறுவோம்.

வண்டியில் பிளாட்டினம், கோல்டு என்று வகை இருக்கிறது. பிளாட்டினம் குறைவான ஊர்களில் நிற்கும், காசு கொஞ்சம் கூட. நான் பார்த்தபோது பட்டர்வொர்த்துக்கு ஓர் ஆளுக்கு 60-லிருந்து 80 ரிங்கிட்டுக்குள் இருந்தது. மூத்த குடிமக்கள் சலுகையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது அந்த நாட்டுக்காரர்களுக்கு. நம் ஊரிலேயே 2020 மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள், அங்கே போயா கேட்பது?

இருக்கையைப் படத்தில் பார்த்து நாமே தொட்டு எடுக்கலாம். சில இருக்கைகள் போகிற திசைக்கு முதுகு காட்டியபடி இருக்கும், உனக்குத் தலை சுற்றும் என்பதால் அதைப் பார்த்துத்தான் எடுப்பேன். படுக்கை வசதி கிடையாது, பகல் வண்டிதானே. குளிர்சாதனம் எலும்புக்குள் போகும் என்று போய் வந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். சால்வையைப் பெட்டிக்குள் வைத்துவிடாமல் கையில் வைத்துக்கொள்.

பாதையைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஈப்போ நிலையம் 1917-இல் திறந்தது. வெள்ளைக் கட்டடமும் குவிமாடமுமாக இருப்பதால் அதை ஈப்போவின் தாஜ்மகால் என்பார்கள். அதற்கு வடக்கே சுண்ணாம்புக்கல் குன்றுகள், ஒரு நீண்ட சுரங்கப்பாதை, பிறகு தைப்பிங். மலாயாவின் முதல் ரயிலே அங்கேதான் ஓடியது, 1885 ஜூன் 1-ஆம் தேதி, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகத்துக்கு. வெள்ளீயம் ஏற்றத்தான் போட்டார்கள். ஈயச் சுரங்கம் இருந்த இடத்தில் கூலி, முதலாளி, கடன் எல்லாம் சேரும். அப்புறம் நம்மவர்கள் வட்டிக்கடை போடாமல் இருப்பார்களா? தைப்பிங்கைத் தாண்டினால் புக்கிட் மேரா ஏரி. ரயில் தண்ணீருக்கு நடுவிலேயே போகும். அப்போது தூங்கினால் நான் எழுப்பிவிடுவேன், கோபித்துக்கொள்ளாதே.

தைப்பிங்கில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது உன் ஆசை. போகும்போது வேண்டாம். ஒரே டிக்கெட்டில் நடுவில் இறங்கி அடுத்த வண்டியில் ஏற முடியாது, இரண்டு தனி டிக்கெட்டாக எடுக்க வேண்டும். அதைத் திரும்பும்போது செய்வோம். பட்டர்வொர்த்–தைப்பிங் ஒன்று, ஓர் இரவு தங்கல், மறுநாள் தைப்பிங்–கேஎல் சென்ட்ரல் இன்னொன்று. ஊர் சின்னது. பழைய ஈயச் சுரங்கத்தையே 1880-இல் ஏரிப் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். மழை அதிகம், குடை கட்டாயம். கடை இருந்த தெருப் பெயர் ஐயாவின் கணக்கு நோட்டில் இருக்கிறதா என்று பெட்டகத்தில் தேடிப் பார். பெயர் மட்டும் கிடைத்தால் மற்றதை அங்கே உள்ள நகரத்தார் யாரிடமாவது விசாரித்துக்கொள்ளலாம்.

பணம் கட்டுவதில் ஒரு சங்கதி. போன மாதம் ஒத்திகை பார்ப்போமே என்று ஒரு வெளிநாட்டுத் தளத்தில் என் கார்டைப் போட்டேன், தள்ளிவிட்டது. வங்கிக்குப் போனால், மூன்று கவுண்டரில் மூன்று பதில். கடைசியில் புதிதாக வந்திருந்த ஒரு பெண்தான் விஷயத்தைச் சொன்னாள். 2020-இலிருந்து ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி நம் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுச் செலவுக்கு நாமே செயலியில் போய்த் திறந்து, ஓர் உச்சவரம்பும் வைக்க வேண்டும். அரை நிமிட வேலை. டிக்கெட் எடுத்ததும் மறுபடி மூடிவிடலாம். நீயும் இப்போதே பார்த்து வை. இருக்கை போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் வங்கியோடு மல்லுக்கு நிற்க முடியாது. நாணயம் மாற்றுகிற கட்டணம் என்று கொஞ்சம் சதவீதம் பிடிப்பார்கள், அதையும் கணக்கில் வை.

டிக்கெட் செல்போனில் வரும், க்யூஆர் குறியோடு. ஆனாலும் நான் தாளில் அச்சிட்டு ஆளுக்கொன்று கையில் கொடுப்பேன். கேஎல் சென்ட்ரலில் நம் ஊர் போல முன்னாலேயே போய் பிளாட்பாரத்தில் பெட்டி மேல் உட்கார முடியாது. மேலே காத்திருந்து, அழைத்ததும் குறியைக் காட்டி உள்ளே போய்க் கீழே இறங்க வேண்டும். வண்டி கிளம்புவதற்குச் சில நிமிஷம் முன்னாலேயே வாசலை மூடிவிடுவார்கள். வழியனுப்ப வந்தவர்களோடு பேசிக்கொண்டே ஓடி ஏறுகிற பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டு வா.

விசா பற்றி: 2023 டிசம்பர் 1 முதல் நமக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்று வைத்திருக்கிறார்கள். அவ்வப்போது நீட்டிக்கிற ஏற்பாடு என்பதால், பணம் கட்டும் முன் இன்னொரு தடவை சரிபார்க்கிறேன். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கிற தளம் எது வந்தாலும் மூடிவிடு.

இனி உன் பக்கத்து வேலை. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. தேதி பார், இறங்குகிற நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். அண்ணனின் முடிவு இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். பதில் வராவிட்டால் நீ, நான், இவுக என்று மூன்று இருக்கையே போடுவேன். பிறகு அவர் தனியாக வேறு பெட்டியில் உட்கார்ந்து வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வள்ளியம்மை