பத்தாம் வகுப்புப் பெற்றோருக்குக் கடிதம்: 1986ஆம் ஆண்டுப் பதிவேட்டை முன்வைத்து

பெறுநர்: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியுள்ள மாணவ மாணவியரின் பெற்றோர்.

பொருள்: தேர்வு முடிவுக்குப் பிந்தைய இரண்டு மாதங்கள் – பெற்றோர் சந்திப்பு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு, வணக்கம்.

ஆண்டுதோறும் தேர்வு முடிவு வெளியாகும் முன் நான் அனுப்பும் சுற்றறிக்கை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். இவ்வாண்டு அது நீண்டுவிட்டமைக்குக் காரணம், பொங்கல் விடுமுறையில் நம் பள்ளி வளாகத்தில் நடந்த ஒரு கூடுகை. 1986 மார்ச்சில் இப்பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்கள் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றுகூடினர். நானும் அவ்வகுப்பைச் சேர்ந்தவனே. படிக்கும் வாய்ப்பில்லாமற்போன பெற்றோருக்குப் பிள்ளைகளே இக்கடிதத்தை வாசித்துக் காட்டலாம். தங்களுக்குச் சங்கடமான பகுதிகளைத் தாண்டிவிடாமல் வாசிக்குமாறு அப்பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

கூடுகைக்கு முந்தைய நாள் பீரோவிலிருந்து அவ்வாண்டின் சேர்க்கைப் பதிவேட்டையும் மதிப்பெண் பதிவேட்டையும் எடுத்து வைத்துக்கொண்டேன். வகுப்பில் 41 பேர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மே, ஜூன் மாதங்களிலேயே பிறந்தநாள் வருகிறது. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொட்டுவிட்ட பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பிவிட்டதாகக் கொண்டு அக்காலத்து ஆசிரியர்கள் எழுதிய தேதிகள் அவை. அந்தத் தேதிகளின்படியே இப்போது சிலர் பணி ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். கூடுகைக்கு 24 பேர் வந்தார்கள். ஐவர் உயிருடன் இல்லை. மற்றவர்களின் தற்போதைய முகவரி எவருக்கும் தெரியவில்லை.

அவ்வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றவர் ஒரு மாணவி, 500க்கு 412. அந்நாளில் நம் பள்ளி பத்தாம் வகுப்புவரை மட்டுமே கொண்ட உயர்நிலைப் பள்ளி. மேல்நிலை வகுப்புக்குக் கோவில்பட்டிக்குத்தான் போக வேண்டும். காலையில் செல்வதற்குப் பேருந்து இருந்தது. மாலையில் பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே ஒரு பேருந்து புறப்பட்டுவிடும், அடுத்தது இரவு ஏழரைக்கு. மாணவர்கள் சைக்கிளில் வந்துவிட்டார்கள். பதினைந்து வயது மகள் இருட்டில் ஊருக்குச் சாலை பிரியும் விலக்கில் இறங்கி ஊர்வரை நடந்து வருவதை அவருடைய தந்தை ஏற்கவில்லை. ஏற்காததில் எனக்கு இன்றும் குறை சொல்லத் தோன்றவில்லை. எனினும் நகரத்தில் விடுதி உண்டா, உறவினர் வீட்டில் தங்க வைக்கலாமா, பேருந்தின் நேரத்தை மாற்றக் கேட்கலாமா என்பதை அந்த வீட்டிலும் சரி, பள்ளியிலும் சரி, ஒருவரும் பேசவில்லை. ஜூன் மாதம் முடிவதற்குள் அவர் தீப்பெட்டி ஆபீசில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், கட்டை அடுக்கச் சென்றுவிட்டார். பதினான்கு வயது நிறையாத பிள்ளைகளைத் தீப்பெட்டித் தொழிலில் ஈடுபடுத்தத் தடை விதித்த சட்டம் வந்ததும் அதே 1986ஆம் ஆண்டில்தான். பதினைந்து வயதான அவருக்கு அச்சட்டத்தால் பயன் ஏதுமில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் எட்டயபுரம் பக்கம் மணம் முடித்துக் கொடுத்தார்கள். இப்போது ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதி வருகிறார். அன்று வருகைப் பதிவில் எல்லோரும் கையெழுத்திட்டோம். அலுவலகங்களில் நாள்தோறும் நூறு கையெழுத்துப் போடுகிறவர்களான நாங்கள் ஒரு கோட்டை இழுத்துவிட்டு நகர்ந்தோம். அவர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, தலைப்பெழுத்துடன் முழுப் பெயரையும் தேதியையும் எழுதி, மை உலரும்வரை பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தார். பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் நாள்தோறும் தேதி எழுதியவரும் அவர்தான், எழுத்தில் மாற்றமேயில்லை.

பதிவேட்டில் அடுத்தடுத்த மதிப்பெண் பெற்ற இருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு 321, மற்றவருக்கு 318. இருவரும் பக்கத்துத் தெரு. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் தம் சொந்த வேலையாக வெளியூர் சென்றபோது தொழிற்பயிற்சி நிலைய விண்ணப்பப் படிவங்கள் இரண்டை வாங்கி வந்து, மாலையில் இருவர் வீட்டுக்கும் நடந்தே சென்றார். 318 பெற்றவர் வீட்டில் இருந்தார். படிவத்தைத் திண்ணையிலேயே வைத்து நிரப்பி, பிட்டர் பிரிவில் சேர்ந்து, பின்னாளில் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நிரந்தரப் பணியாளரானார். 321 பெற்றவர் அக்கா ஊர்க் கோயில் கொடைக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் கடைசித் தேதி கடந்துவிட்டது, அடுத்த ஆண்டு வரலாம் என்று விட்டார்கள், அடுத்த ஆண்டு வரவேயில்லை. முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டி, முதுகெலும்புத் தேய்மானத்தால் இப்போது வீட்டில் இருக்கிறார். இருவரும் கூடுகையில் ஒரே பெஞ்சில் அருகருகே அமர்ந்துதான் சாப்பிட்டார்கள். "சார்வாள் வந்த அன்னைக்கு நான் ஊர்ல இருந்திருக்கணும்" என்று இவர் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே தம் இலையிலிருந்த வடையை இவர் இலைக்கு மாற்றினார். மூன்று மதிப்பெண் கூடுதலாகப் பெற்றவர் இவர் என்பது அவ்விருவருக்கும் நினைவிருந்ததா என நான் கேட்கவில்லை.

தேர்வில் தவறியவர்களின் கதை ஊரில் தவறாகவே சொல்லப்பட்டு வருகிறது. கணிதத்திலும் அறிவியலிலும் தவறிய ஒருவர் கடலைமிட்டாய்க் கடையில் கையாளாகச் சேர்ந்து, வெல்லப்பாகின் பதத்தை விரலிடுக்கில் பார்த்துச் சொல்லும் அளவுக்குத் தேறி, சொந்தக் கடை வைத்தார். 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்களுக்கெல்லாம் பெட்டி பெட்டியாக அனுப்பி வைத்தார். "அவரெல்லாம் பாஸா பண்ணினார்?" என்று என் அலுவலகத்திலேயே என்னிடம் கேட்ட பெற்றோர் உண்டு. அவரோடு அதே ஆண்டில் தவறியவர்கள் இன்னும் பதினொருவர் என்பதையும், அவர்களுள் ஒருவர் திருப்பூரில் இரவுக் காவலர், இருவர் குடியால் ஐம்பதுக்கு முன்பே இறந்தவர்கள், ஒருவர் பட்டாசு விபத்தில் வலக்கை விரல்களை இழந்தவர் என்பதையும் எவரும் எடுத்துக் கூறுவதில்லை. கடை வைத்தவரே அன்று என்னிடம் சொன்னது, தம் தாய்மாமன் அந்தக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்திராவிட்டால் தமக்கும் காவலர் வேலைதான் என்பது.

அந்தப் பதினொருவரில் நானும் ஒருவன். கணிதத்தில் எனக்கு 29. அந்நாளில் மார்ச்சில் தவறினால் செப்டம்பர்–அக்டோபர் தேர்வுவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வேலைக்குப் பழகிவிடுவார்கள், கையில் வாரக்கூலி புரளத் தொடங்கியபின் புத்தகத்தை எடுப்பவர் குறைவு. என் தாயார் என்னைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பாமல், அந்த ஐந்து மாதமும் வீட்டுக்கு வரவேண்டிய கூலியை வேண்டாம் என்றிருந்தார். அக்டோபரில் 47 பெற்றேன். பின்னர் மேல்நிலை, பட்டம், பி.எட்., வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் பல ஆண்டுக் காத்திருப்பு, அதன்பின் ஆசிரியர் பணி. திறமையில் அவர்களுள் மற்றப் பத்துப் பேரைவிட நான் மேம்பட்டவன் என்பதற்கு அந்தப் பதிவேட்டில் எந்தச் சான்றும் இல்லை. கணிதத்தில் என்னைவிட அதிகம் பெற்றுத் தவறியவர்கள் நால்வர் இருக்கிறார்கள்.

இது எங்கள் ஒரு வகுப்பின் விந்தை மட்டுமன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரை, அதாவது 10,317 பேரைத் தேர்ந்து, அவர்கள் முதுமை அடையும்வரை பல பத்தாண்டுகள் தொடர்ந்து விசாரித்துவந்த ஆய்வொன்று உண்டு. 1964இல் அவர்களின் பெற்றோரைக் கேட்டார்கள், 1975இல் தொலைபேசி வழியாக அவர்களையே கேட்டார்கள், 1993இலும் அதற்குப் பின்னும் மீண்டும் கேட்டார்கள். கற்கும் திறனும் குடும்ப வசதியும் கணக்கில் வரவே செய்தன. ஆனால் ஒரே அளவு திறனுடைய பிள்ளைகளுக்கிடையே மேற்படிப்புத் திட்டத்தைத் தீர்மானித்தவற்றுள் பெற்றோர் தந்த ஊக்கம் மிக வலிமையானது என்று வில்லியம் சூவெல், விமல் ஷா ஆகியோர் 1968இல் எழுதினார்கள். ஆசிரியர்களின் ஊக்கமும் நண்பர்களின் திட்டங்களும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. சம திறனுடைய பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே கல்லூரிக்குப் போனார்கள் என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. விஸ்கான்சினிலும் கரிசல் காட்டிலும் பேருந்து வசதி ஒன்றல்ல. ஆயினும் எங்கள் வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றவரை அந்த வரியில் நான் கண்டேன்.

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. மேல்நிலை வகுப்புகள் நம் பள்ளியிலேயே உள்ளன. மாநிலத்தில் ரேங்க் பட்டியல் வெளியிடுவது 2017இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. நம் தெருக்களில் பிளெக்ஸ் வைப்பது மட்டும் நிற்கவில்லை. தவறியவர்கள் அக்டோபர்வரை காத்திருக்கத் தேவையில்லை. துணைத் தேர்வை உடனடியாக எழுதி, அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிடலாம். அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தின்கீழும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின்கீழும் மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. இவ்வளவும் இருந்தும், சென்ற ஆண்டு நம் பள்ளியில் தவறிய ஒன்பது பேரில் நால்வர் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவேயில்லை. அவர்களின் வீடுகளுக்கு நான் சென்றபோது இருவர் ஏற்கெனவே வெளியூர் போய்விட்டிருந்தார்கள். முடிவு வந்து அப்போது பன்னிரண்டு நாள்களே ஆகியிருந்தன.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது, முடிவு வந்த நாளிலிருந்து ஜூலை முடியும்வரை பிள்ளையின் படிப்பை நிறுத்துவது, வெளியூர் வேலைக்கு அனுப்புவது, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் சொல்வது ஆகிய எதையும் பள்ளிக்கு வந்து ஒருமுறை பேசாமல் முடிவு செய்யாதீர்கள் என்பதே. காரில் வந்து இலவச இடம் தருகிறோம் என்போரிடம் மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டாம். நகல் போதும், மூலத்தைக் கேட்டால் என் கைபேசிக்கு அழைக்கச் சொல்லுங்கள். பிள்ளையை அடிக்க வேண்டாம் என்பதைத் தனியே எழுத வேண்டியிருப்பதற்கு வருந்துகிறேன்.

முடிவு வெளியான மூன்றாம் நாள் காலை 10 மணிக்குப் பெற்றோர் சந்திப்பு நடைபெறும். தீப்பெட்டி ஆபீசுக்கும் மில்லுக்கும் செல்பவர்கள் ஒருநாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. அன்றும் மறுநாளும் இரவு 8 மணிவரை அலுவலகம் திறந்திருக்கும். தவறிய பிள்ளைகளின் துணைத் தேர்வு விண்ணப்பங்களை ஆசிரியர்களே நிரப்பித் தருவார்கள். கட்டணம் செலுத்த இயலாதவர்கள் என்னிடம் மட்டும் சொன்னால் போதும், 1986ஆம் ஆண்டு வகுப்பினர் அதற்கென ஒரு தொகை கொடுத்துவைத்துள்ளனர்.

கோவில்பட்டிக்குக் கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் செல்லும் நம் ஊர்ப் பிள்ளைகள் திரும்புவதற்கு மாலை ஐந்தேமுக்கால் மணிக்கு ஒரு பேருந்து வேண்டும் என்ற விண்ணப்பத்தையும் அன்று என் மேசையில் வைத்திருப்பேன். தாங்கள் கையொப்பமிட இடம் விட்டிருக்கிறது. முதல் வரியில் தலைப்பெழுத்துடன் ஒரு முழுப் பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளது.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்