சாயல் போதுமா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

மேடையில் பாடகர் வேடம் போடுவோர் பற்றிய கட்டுரையில் முகச்சாயலுக்கே பாதி இடம் போய்விட்டது. சாயலை ஒப்பனைக்காரர் பார்த்துக்கொள்வார். குரலுக்கு யார் பொறுப்பு? ‘ஜெர்சி பாய்ஸ்’ இசை நாடகத்தில் அமெரிக்கப் பாடகர் ஃபிராங்கி வாலியாக நடித்து 2006-இல் டோனி என்ற அமெரிக்க நாடக விருது வாங்கிய ஜான் லாயிட் யங், வாலியின் அந்த உச்சக் கள்ளக்குரலில் (ஃபால்செட்டோ) தானே பாடினார். நம் சினிமா போல வாயசைத்துத் தப்பிக்க முடியாது. லண்டனில் 2018-இல் பாடகி டினா டர்னராக மேடைக்கு வந்த ஏட்ரியன் வாரன், பாட்டோடு ஆட்டத்தையும் சுமந்தார். அதுவும் குதிகால் செருப்போடு!

நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவன் நான். அரைக்கட்டை ஏற்றினாலே சில ராஜபார்ட்டுகள் என்னை முறைப்பார்கள். நியூயார்க்கின் நாடக அரங்குகளான பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சி வழக்கம். ஒரே தொண்டை தாங்காதென்று, இத்தகைய வேடங்களில் சில காட்சிகளை மாற்று நடிகர் ஏற்பதுண்டு. கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லையே!

– ஓய்வுபெற்ற ஆர்மோனியக்காரர், மதுரை