இரண்டு கோடும் ஓர் இடைவெளியும்: மின்னஞ்சல் செயலி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மின்னஞ்சல் செயலி எழுதுவோரே, வழங்கிகளைப் பராமரிப்போரே, வணக்கம்.

வரியின் கடைசியில் நிற்கும் இடைவெளியைக் குப்பை என்று நறுக்கிவிடுகிறீர்கள். பெரும்பாலான வரிகளில் அதனால் நட்டமில்லை. மடலின் அடியில் வரும் கையொப்பத்தைப் பிரித்துக் காட்ட அதற்கு மேலே போடும் வரியில், அதாவது பிரிகோட்டில், மட்டும் உண்டு. இரண்டு இடைக்கோடு, ஓர் இடைவெளி, அத்தோடு வரி முடிய வேண்டும். யூஸ்நெட் என்ற பழைய கணினி விவாதக் குழுக்களின் காலத்து வழக்கம் இது. 2004இல் வெளியான இணையத் தர ஆவணமான ஆர்.எஃப்.சி. 3676இல் எழுத்திலேயே இருக்கிறது. வரியிறுதி இடைவெளிக்கு ‘அடுத்த வரியோடு சேர்’ என்று பொருள் தரும் அந்த ஆவணமே இந்த ஒரு வரிக்கு விலக்கு அளிக்கிறது.

நான் ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்திக்குள் இயங்கும் க்னூஸ் என்ற அஞ்சல் செயலியில் அஞ்சல் படிப்பவன். கையொப்பம் எங்கே தொடங்குகிறது என்பதை அதற்கு ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, அதாவது எழுத்து வரிசையைத் தேடும் குறியீட்டு விதியாக, சொல்ல வேண்டும். தானாக வருவது ^-- $ என்பது (^ வரியின் தொடக்கம், $ வரியின் முடிவு). இடைவெளியை நீங்கள் நறுக்கிவிட்டால் அது பொருந்தாது. சரி, இடைவெளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும்படி ^-- *$ என்று தளர்த்தலாம். சிலர் நீளமாகக் கோடு இழுக்கிறார்கள், சிலர் அடிக்கோடு போடுகிறார்கள். அவற்றுக்கும் ஆளுக்கொரு விதி சேர்த்துப் பட்டியலாகவே கொடுக்கலாம். தளர்த்தத் தளர்த்தத் தவறான பொருத்தம் கூடும் என்று க்னூஸ் கையேடே எச்சரிக்கிறது. உதாரணமாக, வெற்றெழுத்தில் வரும் செலவுக் கணக்கில் மொத்தத்துக்கு மேல் ஒரு நீளக் கோடு இருக்கும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் கையொப்பம் என்றாகிவிடும். கையொப்பத்தை மறைக்கச் சொல்லி வைத்திருப்பவருக்கு மொத்தத் தொகையே கண்ணில் படாது.

இதற்கு மருந்தாக நீள வரம்பு வைக்கலாம். 200 என்று கொடுத்தால் இருநூறு எழுத்து, 200.0 என்று கொடுத்தால் இருநூறு வரி. (புள்ளிக்கும் சுழிக்கும் இப்படியொரு வேலை கொடுக்க லிஸ்ப் நிரல்மொழிக்காரர்களுக்குத்தான் தோன்றும்.) வரம்பைத் தாண்டினால் அது கையொப்பமே இல்லை என்று க்னூஸ் முடிவு செய்யும். நாலு வரிக்குள் கையொப்பம் என்ற பழைய மரபை நம்பி வரம்பு வைத்தால், அலுவலக வழங்கி அதன் அடியில் ஒரு பக்கச் சட்ட எச்சரிக்கையை ஒட்டி அனுப்புகிறது. வரம்பும் வீண்.

கறாரான விதியும் தவறாதது அல்ல. கோப்பில் செய்த மாற்றங்களைக் காட்டும் டிஃப் ஒன்றில் நீக்கப்பட்ட வரிக்கு முன்னால் ஒரு கோடு வரும்; நீக்கப்பட்டது வெறும் ஒரு கோடும் இடைவெளியும் கொண்ட வரி என்றால், அது அச்சு அசலாகப் பிரிகோடு போலவே நிற்கும். ஆனால் அது அபூர்வம். நீங்கள் தரும் தொல்லை அன்றாடம்.

ஆகவே, அந்த ஒரு வரியை நறுக்காமல் விடுங்கள். வழியில் யாராவது தின்றுவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தால், கோட்டட்-பிரிண்டபிள் என்ற அஞ்சல் குறியாக்க முறையில் அந்த இடைவெளியை =20 என்று எழுதி அனுப்புங்கள். சட்ட எச்சரிக்கை கட்டாயம் என்றால், மடலில் பிரிகோடு இல்லாதபோது முதலில் அதைப் போட்டுவிட்டுப் பிறகு ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
க்னூஸ் பயனர் ஒருவர்