ஓக்மல்கிக் கரையில் அவர்களுக்கும் ஒரு சொல் வேண்டும்

மதிப்பிற்குரிய அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஜார்ஜியா மாநிலம் மேக்கனிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஓக்மல்கி ஆற்றங்கரையில் பூர்வகுடி மக்கள் மண்ணால் எழுப்பிய ஓக்மல்கி மேடுகளைத் தேசியப் பூங்காவாக்கும் மசோதா 2024-ல் உங்கள் முன் வந்ததும், அவையின் காலம் முடிந்தபோது அதுவும் காலாவதியானதும், 2025-ல் திரும்ப வந்ததும் நீங்கள் அறிந்ததுதான். இந்த முறையாவது அதை நிறைவேற்றுங்கள்.

போன செப்டம்பரில் இங்கே நடந்த விழாவுக்கு ஓக்லஹோமாவிலிருந்து ஒரு பாட்டி வந்திருந்தார். இந்தக் கரையின் பூர்வகுடிகளான மஸ்கோகி இனத்தவர், உங்கள் பழைய ஆவணங்களில் ‘கிரீக்’. பெரிய மேட்டின் படிகளில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறினார். மேலே போனதும் கேட்ட முதல் கேள்வி, “ஆறு எங்கே?” நான் கை காட்டிய பக்கம் 16-ஆம் எண் நெடுஞ்சாலை தெரிந்தது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஆறு அதற்கும் அப்பால், மரங்களுக்குப் பின்னால். கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர், “எங்கள் தலைநகருக்கும் இதே பெயர்தான்” என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஆமாம், ஓக்லஹோமாவில் அவர்களுடைய தலைநகரின் பெயரும் ஓக்மல்கி. அமெரிக்க அரசால் இந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டபோது ஆற்றின் பெயரைக் கூடவே கொண்டுபோயிருக்கிறார்கள். அவர்களில் லோச்சபோகா ஊர்க்காரர்கள் தங்கள் புனித நெருப்பின் சாம்பலைச் சுமந்துபோய்ப் புது ஊர் கண்டார்கள். அதுதான் ஓக்லஹோமாவின் இன்றைய டல்சா நகரம்.

மஸ்கோகிகள் அமெரிக்க அரசோடு செய்த 1805 உடன்படிக்கையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒகோனி ஆற்றுக்கும் ஓக்மல்கி ஆற்றுக்கும் நடுவில் இருந்த நிலம் அத்தனையும் கையைவிட்டுப் போகிறது. அப்போதும் இந்த மேடுகள் இருக்கும் இடத்தை மட்டும், 3 மைலுக்கு 5 மைல், தர மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1826-ல் அதுவும் போயிற்று. அப்புறம் 1843-லும் 1870-களிலும் ரயில்பாதை போட இந்த மேடுகளையே வெட்டினார்கள். அதில் ஒன்று அவர்களின் முன்னோரைப் புதைத்த மேடு. யார் வீட்டுச் சுடுகாட்டை இப்படி வெட்டினால் பொறுத்துக்கொள்வார்கள்?

இந்த ஓர் ஆற்றோடு முடிந்த கதையும் இல்லை. கூசா, டல்லபூசா, சாட்டஹூச்சி, ஃபிளின்ட் ஆறுகள் எல்லாமே அவர்களுடைய ஊர்கள் வரிசையாக இருந்த கரைகள். டல்லபூசாவின் குறுக்கே 1926-ல் கட்டி முடித்த அணை ஓக்ஃபஸ்கீ என்ற பெரிய ஊர் இருந்த இடத்தை நீருக்குள் தள்ளியது. இன்று அங்கே படகு விடுகிறார்கள். இந்த ஆறுகளின் தண்ணீருக்காக ஜார்ஜியாவும் அலபாமாவும் ஃபுளோரிடாவும் முப்பது வருடத்துக்கு மேல் நீதிமன்றப் படியேறின. ஆறுகளுக்குப் பெயர் வைத்தவர்களின் பேச்சை அதில் யார் எடுத்தார்கள்? எழுதும்போதே கை நடுங்குகிறது, மன்னியுங்கள்.

சரி, அணையை உடைக்கச் சொல்லவில்லை, சாலையைப் பெயர்க்கவும் சொல்லவில்லை. மசோதாவில் உள்ளதைத்தான் கேட்கிறேன். கரையோரக் காட்டையும் சதுப்பையும் பாதுகாப்புக்குள் கொண்டுவாருங்கள். அதை நடத்துவதில் மஸ்கோகிகளின் சொல்லுக்குச் சட்டப்படி இடம் கொடுங்கள். இங்கே வேட்டைக்கும் மீன்பிடிக்கவும் போகிறவர்களுக்கும் அதில் இடம் இருக்கிறது. மேக்கன்காரர்கள் பலர் வருடக்கணக்கில் கேட்டுவருவதும் இதைத்தான். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது இந்த ஆற்றுத் தண்ணீர், அதனால் கேட்கும் கடமை எனக்கும் உண்டு.

முட்டி வலி விட்டால் அடுத்த செப்டம்பரிலும் வருவேன் என்று அந்தப் பாட்டி சொல்லிப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் மசோதாவை வாக்கெடுப்புக்கு எடுத்து நிறைவேற்றித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேக்கனில் வாழும் ஒரு தமிழர்