நோஞ்சான் குஞ்சுகளை எங்கள் பெட்டியில் போட்டு அனுப்புகிறவர்களுக்கு

குஞ்சு பொரிப்பகம் நடத்தும் அனைவருக்கும் வணக்கம்.

கடைசியாக வந்த பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எல்லாம் ஒரே நாளில் பொரித்தவை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். உள்ளே பார்த்தால் சில குஞ்சுகளுக்கு இறக்கையில் இறகு நன்றாகவே நீண்டிருக்கிறது, ஒன்றுக்குத் தொப்புள்கூட இன்னும் சரியாக மூடவில்லை, மூலையில் ஒடுங்கிக் கிடந்த இரண்டு மற்றவற்றில் பாதி அளவுதான் இருக்கும். கேட்டதற்கு, "சின்னதை ஒதுக்கிவிடுங்கள், அதற்குத்தான் கூடுதலாக ஒன்று வைத்திருக்கிறோமே" என்று பதில் வந்தது. யார் சொன்னார்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை. வீட்டில் நாலு கோழி வளர்க்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள், இதே பதிலை ஆளுக்கு ஓர் இடத்தில் கேட்டிருக்கிறார்கள்.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது இதுதான். பெட்டியின் மேல் பொரித்த தேதியை எழுதுங்கள், ஒரு பெட்டிக்குள் ஒரே நாள் குஞ்சுகளை மட்டும் வையுங்கள்.

குஞ்சு ஏன் சின்னதாக இருக்கிறது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு, அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பொரித்த குஞ்சின் எடை முட்டையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 60 கிராம் முட்டையென்றால் குஞ்சு 40 கிராம் இருக்கும். இப்போதுதான் முட்டையிடத் தொடங்கிய கோழியின் சிறிய முட்டையை வைத்தால் குஞ்சும் சிறிதாகத்தான் வரும், ஆனால் அது துருதுருவென்று ஓடும், கொத்தித் தின்னும், பயப்பட ஒன்றுமில்லை. முன்னதாகப் பொரித்துவிட்டு, மற்றவை வரும்வரை பொரிப்பானின் சூட்டிலேயே காத்துக் கிடந்து நீர் வற்றிப்போன குஞ்சு வேறு ரகம். கால் தோல் சுருங்கியிருக்கும், கையில் எடுத்தால் பஞ்சாக இருக்கும், முதலில் அதற்குத் தண்ணீர் வேண்டும், தீவனம் அப்புறம்தான். தொப்புள் வழியாகக் கிருமி ஏறிய குஞ்சுக்கு வயிறு உப்பிக் கிடக்கும், அதில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. இன்னொரு வகையில் உடல் வளராது, இறக்கை இறகு மட்டும் நீண்டுகொண்டே போகும், தின்பது உடம்பில் ஒட்டாமல் அரைகுறையாகச் செரித்து வெளியே வந்துவிடும், பக்கத்துக் குஞ்சுக்கும் தொற்றுமோ என்று பயந்து தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.

இவை எல்லாமே பெட்டியைத் திறக்கும்போது "சின்னக் குஞ்சு"தான். எது எந்த வகை என்று தெரிந்தால்தானே அதற்கேற்ற வைத்தியம் செய்ய முடியும்? முதலில் வயது தெரிய வேண்டும். நேற்றுப் பொரித்த குஞ்சு 40 கிராம் இருந்தால் அது நல்ல குஞ்சு. ஒரு வாரக் குஞ்சு அதே 40 கிராம் இருந்தால் அது செத்துக்கொண்டிருக்கும் குஞ்சு. தேதி இல்லாத பெட்டியை வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தை நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

குஞ்சு பொரிக்கும் முன் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது, அதனால் இரண்டு மூன்று நாள் தீனி தண்ணீர் இல்லாமல் தாங்கும். அந்தத் தைரியத்தில்தான் தூரத்து ஊர்களுக்கெல்லாம் பெட்டியில் அடைத்து அனுப்புகிறீர்கள். சரி, அனுப்புங்கள். அந்த இரண்டு மூன்று நாள் எப்போது தொடங்கியது என்று வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டாமா? எங்கள் கைக்கு வரும்போது அந்தக் கையிருப்பில் பாதி மிச்சமிருக்கிறதா, முழுவதும் தீர்ந்துவிட்டதா என்பதுதான் அந்த நோஞ்சான் குஞ்சின் ஆயுள்.

வெவ்வேறு வயதுக் குஞ்சுகளைக் கலந்து அனுப்புவதால் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் கூண்டுக்குள் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் சூடு, அதாவது அடைவெப்பம், 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்க வேண்டும். பிறந்த குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. இப்போது ஒரே கூண்டில் இரு வேறு வயதுக் குஞ்சுகள். பெரியவற்றுக்கு ஏற்ற சூடு வைத்தால் சின்னவை ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெரிபடுகின்றன, அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகிறது. சின்னவற்றுக்கு ஏற்ற சூடு வைத்தால் பெரியவை வாயைப் பிளந்துகொண்டு ஓரமாகப் போய் நிற்கின்றன. சூடு தரும் விளக்கை உயரத் தூக்குவதா, கீழே இறக்குவதா?

பிரித்து வைத்தால் போயிற்று என்பீர்கள். பிரித்துத்தான் வைக்கிறோம். நோஞ்சானைத் தனியாக விட்டால் அது இருக்கிற தெம்பையெல்லாம் கத்தியே தீர்த்துவிடும், அதனால் கூட்டத்திலேயே சாதுவான ஒன்றைத் துணைக்குப் பிடித்துவிட்டு, நடுவில் கம்பிவலை வைத்து, மற்றவை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அமைக்க வேண்டும். அப்போதுதான் பிறகு திரும்பச் சேர்க்கும்போது கொத்து வாங்காது. தீவனத் துகளை இன்னும் பொடியாக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து கொஞ்சமாக வைக்க வேண்டும், புளிக்கும் முன் எடுத்துவிட வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட வேண்டும், இல்லாவிட்டால் விரற்கடை ஆழத்திலேயே முங்கிவிடும்.

இதிலெல்லாம் கடினமானது ராத்திரிதான். மற்ற குஞ்சுகள் தின்று முடித்து விளக்கடியில் படுத்துவிடும். நோஞ்சான் மட்டும் நின்றுகொண்டே கண்ணை மூடும், தலை மெல்லத் தொங்கி அலகு தரையைத் தொட்டதும் திடுக்கிட்டு நிமிரும், மறுபடி தொங்கும். எடுத்துப் பார்த்தால் கழுத்தடியில் தீனிப்பை தட்டையாக இருக்கும், அன்று முழுக்கத் தட்டைச் சுற்றி ஓடியது எல்லாம் வெறும் பாவனை என்று அப்போதுதான் தெரியும். நெஞ்செலும்பு கட்டைவிரலில் குத்தும். வாலைத் தூக்கினால் எச்சம் காய்ந்து ஒட்டி ஆசனவாயை அடைத்திருக்கும். அதைப் பிய்த்து எடுத்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும் என்பதால் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து வைத்து, ஊறுகிறவரைக்கும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஊறிக் கழன்றதும் துடைத்து உலர்த்தாமல் விட்டால் குளிரிலேயே போய்விடும். அப்புறம் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். வாய்க்குள் விடக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஓரத்தில் வைத்தால் அதுவே நாக்கை நீட்டி எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொண்டால் அன்றைக்கு நம்பிக்கை உண்டு. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. காலையில் தராசில் வைத்துப் பார்த்தால் ஒரு கிராம் கூடியிருக்கும், அல்லது குறைந்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சில செத்துத்தான் போகும், அதற்கு நான் உங்களைக் குறை சொல்லவில்லை. உயிர் என்றால் அப்படித்தான். பிழைத்தவற்றில் சில, மற்றவற்றோடு அடையாளம் தெரியாத அளவுக்கு வளர்ந்துவிடுகின்றன. சில கடைசிவரை சின்ன உருவமாகவே இருந்து, தாமதமாக முட்டையிடத் தொடங்குகின்றன. ஆனால் தேதி ஒன்று எழுதியிருந்தால் காப்பாற்றியிருக்கக் கூடியதைத் தேதி தெரியாமல் பறிகொடுப்பது வேறு விஷயம். அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

தடுப்பூசி விவரமும் இதே கதைதான். கோழிகளை முடக்கிப்போடும் மேரெக் என்ற வைரஸ் நோய்க்கான ஊசியைப் பொரித்த அன்றே போட வேண்டும், அல்லது 18ஆம் நாள் முட்டைக்குள்ளேயே போட வேண்டும், அதை நீங்கள்தான் போட முடியும். போட்டீர்களா என்று கேட்டால் "போட்டிருப்பார்கள்" என்கிறார்கள். குடலில் ஒட்டுண்ணியால் வரும் ரத்தக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கொடுத்த குஞ்சுக்கு, அந்த ஒட்டுண்ணியை அடக்கும் ஆம்ப்ரோலியம் என்ற மருந்து கலந்த தீவனம் வைத்தால் கொடுத்த தடுப்பு மருந்தே வீணாகிவிடும், கொடுக்காத குஞ்சுக்கு அந்தத் தீவனம் உதவும். எதை வைப்பது? இதில் நோஞ்சான் குஞ்சுதான் முதலில் அடிவாங்கும், ஏனென்றால் மூன்று வாரத்தில் ரத்தக்கழிச்சல் வந்தால் தாங்குவதற்கு அதன் உடம்பில் சதை இல்லை.

எங்கே கேட்டாலும் ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பண்ணைகளுக்கான பதில்தான் கிடைக்கிறது. கையேடுகள் அவர்களுக்கு, தீவனப் பையில் இருக்கும் அளவுகள் அவர்களுக்கு, கொட்டகை முழுதும் ஒரே சீராக இருக்க வேண்டும், சீரில் நிற்காததைக் கழித்துவிடு என்ற அறிவுரையும் அவர்களுக்கு. அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரியாக இருக்கலாம். பத்துக் குஞ்சு வளர்க்கிறவரிடம் ஒன்றைக் கழித்துவிடு என்பது பத்தில் ஒரு பங்கைத் தூக்கிப் போடு என்பது. அதுவும் அந்தக் குஞ்சுக்கு வீட்டுப் பிள்ளைகள் பெயர் வைத்த பிறகு சொல்கிறார்கள். பெரிய பண்ணைக்குப் போகும் பெட்டியில் தொகுதி எண், தேதி, தடுப்பூசி எல்லாம் இருக்கிறது. தரம் பிரித்து அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய நாளில் மிஞ்சிய குஞ்சுகளை அள்ளி எங்களுக்குப் போடுவது நியாயமில்லை. சில்லறையாக வாங்குகிறவன் கேள்வி கேட்க மாட்டான் என்ற நினைப்பு இருந்தால் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் ராத்திரி பகல் பாராமல் பொரிப்பானைப் பார்த்துக்கொள்கிறவர்கள், மின்சாரம் போனால் பதறுகிறவர்கள் என்பது தெரியும். அந்த அக்கறை பெட்டியை மூடும்வரை வர வேண்டும் என்றுதான் பணிவோடு கேட்கிறேன்.

பெட்டியின் மேல் பொரித்த தேதி வேண்டும், நேரமும் இருந்தால் நல்லது. என்ன தடுப்பூசி போட்டீர்கள், எதைப் போடவில்லை என்று ஒரு வரி வேண்டும். வெவ்வேறு நாள் குஞ்சுகளைக் கலக்க வேண்டாம், கலந்துதான் ஆக வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். தொப்புள் மூடாத குஞ்சை வண்டியில் ஏற்றாதீர்கள். சின்னதாக ஒன்று இருந்தால் அதையும் சொல்லியே கொடுங்கள், வளர்க்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இருக்கிறோம், தெரிந்தே வாங்கிக்கொள்வோம்.

இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு பேனா போதும். அடுத்த தொகுதி பொரித்து வெளியே வரும்போதே தொடங்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டுப் பின்புறத்தில் கோழி வளர்க்கும் ஒருவர்