ஒரு 'சி'க்காகக் கணிதத்தை மூடிவிடாதீர்கள்: கொழும்புத் தமிழ்ப் பாடசாலை அதிபர்களுக்கு

மதிப்புக்குரிய அதிபர்களே, உயர்தரப் பகுதித் தலைவர்களே,

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு உங்கள் அலுவலக வாசலில் நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளைக்கு உயர்தரக் கணிதப் பிரிவுக்கான விண்ணப்பப் படிவம் உடனே கிடைக்கிறது. பி எடுத்தவருக்குப் "பார்ப்போம்" என்ற பதில். சி என்றால், "மகன் கொமர்ஸ் செய்யட்டுமே அம்மா, ஏன் பிள்ளையைக் கஷ்டப்படுத்துறீங்க" என்று தாயாரிடம் ஒரே வசனத்தில் கதை முடிந்துவிடும். எல்லாப் பாடசாலையிலும் இப்படி என்று சொல்லவில்லை, ஆனால் என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகளின் வாயிலிருந்து இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பெண் பிள்ளைகள் என்றால் ஏ இருந்தாலும் "பயோ செய்யலாமே" என்ற கேள்வி முதலில் வருகிறது.

பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த வசனத்தோடு கணிதமே முடிந்துவிடுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். பயோ படிக்கிறவருக்கு அதன்பிறகு கணித பாடம் இல்லை. கலைப் பிரிவிலும் பெரும்பாலும் இல்லை. பதினொரு வருடம் தினமும் படித்த ஒரு பாடத்தை ஒரே நாளில் கைவிடுகிறார்கள், அதுவும் தாங்களாக யோசித்து அல்ல.

நான் வெள்ளவத்தையில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். சாதாரண தரப் பெறுபேறு ஒரு பிள்ளையைப் பற்றி எவ்வளவு சொல்கிறது, எவ்வளவு சொல்லாமல் விடுகிறது என்பது 12ஆம் தரத்தின் முதல் தவணையிலேயே தெரிந்துவிடும். சாதாரண தரத்தில் சைன் என்றால் செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுப்பது, பெறுமானத்தை அட்டவணையில் பார்ப்பது, அவ்வளவுதான். அப்புறம் திடீரென்று ஒரு நாள் பலகையில் சைன் 150 பாகை வந்து நிற்கிறது. விடை அரை என்று எழுதினேன், முன்வரிசையில் இருந்த ஏக்காரர்கள் பேசாமல் கொப்பியில் இறக்கிக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒரு பையன், சாதாரண தரத்தில் சி எடுத்தவர், "சேர், செங்கோண முக்கோணத்துக்குள்ள 150 பாகை எப்படி வரும்?" என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்வியே அதுதான்! ஆரை ஒன்றாக உள்ள அலகு வட்டத்தை வரைந்து, புள்ளி இடஞ்சுழியாகச் சுற்றிவரும்போது எக்ஸ் அச்சிலிருந்து அது நிற்கிற உயரம்தான் இனி சைன் என்று காட்டினேன். 150 பாகையிலும் 30 பாகையிலும் ஒரே உயரம். கொஞ்சம் பொறுத்து, "அப்ப 180க்குப் பூச்சியம், அதுக்குப் பிறகு மறையா?" என்று அவரே சொன்னார். இந்தப் பிள்ளைக்குத்தான் படிவம் கொடுக்கத் தயங்கியிருக்கிறார்கள்.

உங்கள் பக்க நியாயமும் எனக்கு விளங்குகிறது. இணைந்த கணிதம் லேசான பாடம் அல்ல. மூன்று மூன்று மணித்தியாலமாக இரண்டு வினாத்தாள், ஒன்றில் தூய கணிதம், மற்றதில் பிரயோக கணிதம். சித்தியடையாத பிள்ளைகளின் எண்ணிக்கை கூடினால் வலயக் கூட்டத்தில் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள். சரி, எல்லாரையும் இணைந்த கணிதத்துக்குள் தள்ளுங்கள் என்று நானும் கேட்கவில்லை.

ஆனால் உயர்தரப் பாடப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 10 இணைந்த கணிதம், 11 உயர் கணிதம். அவற்றுக்கு முன்னால் 07 என்ற இலக்கத்தில் வெறும் 'கணிதம்' என்று ஒரு பாடம் இருக்கிறது. கலை, வர்த்தகப் பிள்ளைகளும் எடுக்கக்கூடிய பாடம். கொழும்பில் தமிழ் மொழிமூலம் அதை நடத்துகிற ஒரு பாடசாலையை நான் இன்னும் காணவில்லை. பெற்றோரில் பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. இங்கிலாந்தில் இதே சிக்கலுக்காக 2014 முதல் 'கோர் மெத்ஸ்' என்று ஒரு தகைமையைக் கொண்டுவந்தார்கள், ஏ லெவலில் கணிதம் எடுக்காத பிள்ளைகள் புள்ளிவிபரமும் நிதிக் கணக்கும் தொடர்ந்து படிப்பதற்கு. இந்தியாவில் சி.பி.எஸ்.இ. 2020இல் பிரயோக கணிதத்தைத் தனித் தெரிவுப் பாடமாக்கியது. எங்களுக்குப் பாடம் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது, நடத்தத்தான் ஆள் இல்லை.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பல்கலைக்கழக அனுமதியில் இந்தப் பிள்ளைகளின் தலைவிதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளியே கணிதம்தான். எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, புள்ளிகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்று காட்டுகிற நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் வந்ததைச் சராசரி பார்க்கிறார்கள். கலைப் பிரிவில் படித்த ஒரு பிள்ளையிடம் இது என்னவென்று கேட்டுப் பாருங்கள். பொருளியலோ உளவியலோ படிக்கப் பல்கலைக்கழகம் போனால் அதே நியம விலகல் அங்கேயும் காத்திருக்கிறது. பயோ படித்து மருத்துவ பீடம் போகிறவருக்கும் அப்படித்தான்.

கணிதம் என்றால் மொறட்டுவப் பல்கலைக்கழகம், மொறட்டுவ என்றால் எஞ்சினியர் என்ற கணக்கையும் கொஞ்சம் விடுங்கள். கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் கைத்தொழில் புள்ளிவிபரவியலும் கணித நிதியியலும் சேர்ந்த பட்டப்படிப்பே இருக்கிறது. கேம்பிரிஜ்ஜில் பௌதிகவியல் மேதை டிராக்கிடம் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த சி. ஜே. எலியேசர் எங்கள் ஆள்தான். பரிசளிப்பு விழாக்களில் டொக்டர்மாரையும் எஞ்சினியர்மாரையும் அழைக்கிற நாங்கள் ஒரு கணிதக்காரரை எப்போது மேடையேற்றினோம்?

உங்களிடம் கேட்பது இதுதான். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை சில மாதங்கள் கிடைக்கின்றன. காசு உள்ள வீட்டுப் பிள்ளைகள் அந்த மாதங்களில் வெள்ளவத்தை ரியூட்டரிகளில் தியரியைத் தொடங்கிவிடுகிறார்கள். கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் உள்ள பல பிள்ளைகள் அந்த மாதங்களைச் சும்மா கழிக்கிறார்கள். சனிக்கிழமைகளில் பாடசாலையிலேயே ஒரு வகுப்பு வையுங்கள்: அட்சரகணிதத்தை உறுதிப்படுத்தி, சார்புகள், அலகு வட்டம் வரை கொண்டுபோனால் போதும். யாருக்குக் கணிதம் பிடிக்கிறது என்பது பெறுபேறு வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும், பிள்ளைக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு படிவத்தைக் கொடுங்கள்.

அடுத்த அனுமதிக்கான கூட்டம் வைக்கும்போது 07ஆம் பாடத்தையும் நிகழ்ச்சி நிரலில் போடுங்கள். சனிக்கிழமை வகுப்புக்கு ஆசிரியர் இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன். என்னிடம் படித்துவிட்டு இப்போது கம்பஸில் இருக்கிற பிள்ளைகள் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு கணித ஆசிரியர்